செவலைக்குப் பின்னால்

குருவின் பெயர் பவளாயி. மலையடிவாரத்தில் பிள்ளைகளுக்கு மட்டக்குதிரை ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர். வயது முப்பத்தைந்து. சீடர் வீரணனுக்கு ஐம்பத்திரண்டு. வயதில் என்ன இருக்கிறது? அவர் பட்டாளத்துக் குதிரைகளைப் பழக்கியவர்தான், ஆனால் பிள்ளைகளைப் பழக்கியதில்லை. அதனால் நான்கு வருடமாகப் பவளாயியிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. ஒரு வகுப்பாவது தன் பொறுப்பில் வர வேண்டும்.

"இந்த அஞ்சு பிள்ளைகளை இருபது நாள் நீங்களே பாருங்கண்ணா," என்றார் பவளாயி. "அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்."

வீரணன் உயிரைக் கொடுத்து உழைத்தார். செவலை என்ற குதிரை முன்னால் போகும். மற்றவை அதன் பின்னால் போகும். ஒரு வாரத்திலேயே பிள்ளைகள் விழுவது நின்றுவிட்டது. அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

சிந்தாமணிதான் தலைவலி. எட்டு வயதுப் பெண். அவளுடைய சாம்பல் குதிரைக்கு வரிசை பிடிக்காது, புல்தான் பிடிக்கும். நாலடி நடக்கும், தலையைக் குனியும்.

"திங்கிறதுக்குன்னே பொறந்தியா நீ? வா இந்தப் பக்கம்!"

தினமும் அவளுக்கு அதோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருந்தது.

"நீ கடைசியிலேயே வா கண்ணு," என்று வீரணன் சொல்லிவிட்டார். வரிசை கெட்டுப்போகிறதே என்ற கவலை அவருக்கு.

இருபதாம் நாள் காலை பெற்றோரெல்லாம் வேலியோரம் வந்து நின்றார்கள். முன்னால் செவலை, பின்னால் மூன்று குதிரைகள், கோடு போட்ட மாதிரி மைதானத்தைச் சுற்றி வந்தன. கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. சிந்தாமணி தூரத்தில் புல்லோரம் கத்திக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைகளுக்கு ஓட்ட வந்துருச்சுங்களாண்ணா?" என்று கேட்டார் பவளாயி.

"இதுக்கு மேல என்னங்க அம்மிணி வேணும்?"

பவளாயி மைதானத்துக்குள் போய், செவலை மேல் இருந்த பையனை இறக்கிவிட்டார். செவலையைப் பிடித்துக்கொண்டு லாயத்தைப் பார்த்து நடந்தார்.

மூன்று குதிரைகளும் உடனே திரும்பின.

"நில்லு! ஏய், நில்லுன்னா!"

பிள்ளைகள் கடிவாளத்தை இழுத்துப் பார்த்தார்கள். யார் பேச்சை யார் கேட்பது? முதுகில் ஆளோடு நேராக லாயத்துக்குள் போய்த் தீவனத் தொட்டியில் வாயை வைத்தன.

"எம் பையன் நல்லாத்தான் ஓட்டறான்," என்றாள் ஒரு தாய். "சோறு இருக்கிற இடத்துக்கு!"

வேலியோரம் ஒரே சிரிப்பு. வீரணனுக்கு முகம் செத்துவிட்டது. நான்கு வருட ஆசை போச்சு.

சாம்பல் குதிரையும் தலையைத் தூக்கி லாயத்தைப் பார்த்தது. இரண்டடி வைத்தது.

"அதெல்லாம் கிடையாது. வேலை முடியலே!"

சிந்தாமணி கடிவாளத்தை ஒரு பக்கமாக இழுத்துக் குதிகாலால் தட்டினாள். அது முணுமுணுப்பது போல் ஒரு செருமல் செருமிவிட்டுத் திரும்பியது. கோணல்மாணலாக மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது.

"எல்லாரும் எங்கே போயிட்டாங்க?" என்றாள் சிந்தாமணி.

வீரணனுக்கு அந்த அவமானத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அவளைத் தூக்கி இறக்கிவிட்டு லாயத்துக்குப் போனார்.

"அந்தப் பிள்ளையைப் போய்க் கடைசியில விட்டேனேங்க அம்மிணி."

"விட்டீங்க."

"நாலு வருஷம் உங்க பக்கத்துலயே நின்னும் எனக்குப் புத்தி வரலையே."

"வரிசை நல்லா இருந்துச்சுங்கண்ணா."

"கிண்டல் பண்ணாதீங்க. நாளைக்கு நான் என்ன செய்யட்டும்? நீங்க சொல்லுங்க, அச்சுப் பிசகாம அப்படியே செஞ்சுடறேன்."

பவளாயி செவலையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"நாளைக்குச் செவலை வராதுங்கண்ணா. நானும் வரலீங்க."