அடைக்கலம் கேட்ட ராசா

மலையடிவாரத்துல ஒரு ஊரு இருந்துச்சாம், ஊருக்கு நடுவுல ஒரு கோட்டை இருந்துச்சாம். பெரியராசா இருந்த வரைக்கும் யாரு ஓடி வந்து வாசல்ல நின்னு "அடைக்கலம்"னு ஒரு சொல்லு சொன்னாலும் கதவு திறக்குமாம். கள்ளனா நல்லவனான்னு கேள்வியெல்லாம் அப்புறந்தான், முதல்ல கஞ்சி. அது ஒரு காலம், ம்ம்.

பெரியராசா போனாரு, மகன் வந்தான். அவனுக்கு எல்லாத்துக்கும் பயம். மதிலை ஒசத்துனான், சுத்தி அகழி வெட்டி முதலை விட்டான், அதுக்கும் வெளிய முள்ளுக்காடு வளத்தான். "அடைக்கலம்னு எவனும் என் வாசல்ல சொல்லக்கூடாது"ன்னுட்டான்.

அப்புறம் என்னாச்சு, பகையாளி படை வந்துச்சு. ஆடு மேய்க்கிற மூக்காயி மாமியாளத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தா, பின்னாலயே ஊரு சனம். "அடைக்கலம் ராசா, அடைக்கலம், அடைக்கலம்"னு கத்துனாங்க. அவன் மதில் மேல நின்னு பாத்தான், "இருக்குற சோறு எங்களுக்கே பத்தாது, போங்க"ன்னான். கெழவி அகழிக் கரையிலயே செத்துப் போச்சு. கேக்குறியா செல்லி, தூங்கிட்டியா?

சனம் மலைக்கு ஓடி, முள்ள வெட்டிச் சுத்திப் போட்டு, பட்டி கட்டி, ஆட்டோட ஆடா உள்ள இருந்துச்சு. கோட்டைக்குள்ள பாலு இல்ல, கீரை இல்ல, நெல்லு தீந்துச்சு. கொண்டு வந்து குடுக்குற சனந்தான் வெளிய இருக்கே. காவக்காரங்க கதவத் திறந்து பகையாளி கால்ல விழுந்துட்டாங்க. ராசா மட்டும் சுரங்கத்துல தவழ்ந்து தப்பிச்சான், பின்னாலயே குதிரைச் சத்தம், ஓடி வந்து நின்னது அந்தப் பட்டிக்கு முன்னால.

"நான் ராசா, திற."

"ராசாவுக்குத்தான் கோட்டை இருக்கே"ன்னா மூக்காயி.

"பாதி நாடு தர்றேன், திற."

"உன்கிட்ட ஏது நாடு?"

குதிரை கிட்ட வந்துருச்சு. அவன் மண்டி போட்டு, "அடைக்கலம் தாயி"ன்னான்.

"திறக்காத மூக்காயி, மாமியா செத்தத மறந்துட்டியா"ன்னு சனம் கத்துச்சு.

"மறக்கல, சாகுற மட்டும் மறக்க மாட்டேன். இவங்கப்பன் கதவத் திறந்துதான் எங்கப்பன் பொழைச்சான், அதையும் மறக்கல"ன்னு சொல்லி முள்ள இழுத்தா. கம்பளியப் போத்தி ஆட்டுக்கு நடுவுல படுக்க வச்சா. படை வந்து தேடிட்டுப் போயிருச்சு.

சும்மா விட்டாளா? "கோட்டையில வேற ஒருத்தன் ஒக்காந்துட்டான். இனிமே வாசல்ல படுக்குறது நீதான், யாரு கூப்புட்டாலும் எந்திரிச்சுத் திறக்குறதும் நீதான்"ன்னுட்டா. மறுநா ஒரு பொம்பள கைப்புள்ளையோட வந்து "அடைக்கலம்"னா. எந்திரிச்சு வெறுங்கையால முள்ள இழுத்தான், கையெல்லாம் ரத்தம்.

"வலிக்குதா"ன்னு கேட்டா மூக்காயி.

"இல்ல தாயி. சின்ன வயசுல எங்கப்பா கதவத் திறக்கப் போறப்பல்லாம் என் கையையும் தாழ்ப்பாள்ல வச்சுத்தான் இழுப்பாரு"ன்னு சொல்லித் தேம்பித் தேம்பி அழுதானாம்.

அவன் அங்க வாசல்ல படுத்தான், நீங்க இங்க பாயில படுங்க. யாராச்சும் கதவத் தட்டுனா மட்டும் எந்திரிங்க.