கடைசியில் நிற்கிற சொல்

ஜமீன் மாளிகைப் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்தியவர் புலவர் ஆவுடையப்பர். தலைக்கனம் என்றால் அப்படியொரு தலைக்கனம். பந்தி பரிமாறும் வடிவின் மகள் வாசலோரம் நின்று பாடம் கேட்டாள் என்பதற்காக, பிரம்பை ஓங்கி அவளை விரட்டிவிட்டார்.

வடிவு நேரே ஜமீன்தார் முன்னாலேயே புலவரிடம் போய், "எம்மவள ஏன்யா விரட்டுனீக?" என்று கேட்டாள்.

"வாக்கியத்துல பெயர்ச்சொல் முன்னால உட்காரும், எங்களை மாதிரி. வினைச்சொல் கடைசியில நிக்கும், வேலைக்காரி உன்னை மாதிரி. அது இல்லாமலே என் காரியம் நடக்கும். நடக்காதுன்னு காட்டு, உன் மகளை முன்வரிசையில உட்கார வைக்கேன்!" என்றார் புலவர். ஜமீன்தாரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

மத்தியானம் பந்தி. புலவருக்கு இலை போட்டுவிட்டு, வடிவு சோற்றுப் பாத்திரத்தோடு எதிரே நின்றாள்.

"சோறு" என்றார் புலவர்.

"ஆமாய்யா, சோறு" என்றாள். கரண்டி அசையவில்லை.

"குழம்பு!"

"குழம்புதான்யா. நல்லா மணக்கு."

பக்கத்து இலையில் ஜமீன்தார் ரசத்துக்கே வந்துவிட்டார். புலவருக்குப் பசி கண்ணைக் கட்டியது.

"ஏளா, சோத்தைப் போடு!" என்று கத்தினார்.

"வந்துட்டாருய்யா வினைச்சொல்!" என்றார் ஜமீன்தார். பந்தியே கொல்லென்று சிரித்தது.

வடிவு சிரிக்கவில்லை.

"போடுதேன். அதுக்கு முன்ன, அந்தா வாசல்ல நிக்கிற என் மகளைப் பார்த்து 'உட்காரு'ன்னு சொல்லுங்க. அதுவும் வினைச்சொல்தான்" என்றாள், கரண்டியை ஏந்தியபடி.