பக்கம் வாங்க யாரும் வராத வாரம்

டோக்கியோவில் ஹிரோசே என்றொரு சித்திரக்கதைக்காரர் இருந்தார். போர் முடிந்த காலத்தில் ஜப்பானியப் பிள்ளைகளுக்கு மங்கா என்னும் சித்திரக்கதைப் பைத்தியம் பிடிக்கவைத்த முதல் ஆட்களில் ஒருவர். அவர் ஒரு வார இதழில் வரைந்தார். முப்பது வருடமாக அவர் தொடர் இல்லாமல் அது வந்ததே இல்லை.

அந்த இதழில் ஒரு வழக்கம் உண்டு. பிடித்த தொடருக்கு வாசகர்கள் அஞ்சலட்டையில் ஓட்டுப் போடுவார்கள். கடைசியில் நிற்கும் தொடரை ஈவு இரக்கம் பார்க்காமல் தூக்கிவிடுவார்கள்.

அந்த வாரம் முதலிடம் யசுஜிக்கு. ஹிரோசேவின் சீடன், பல வருடம் அவர் படங்களுக்குக் கறுப்பு மை நிரப்பியவன், இப்போது நாற்பதைத் தாண்டியவன். கடைசி இடம் ஹிரோசேவுக்கு.

விஷயத்தை யசுஜியிடம் சொன்ன பத்திரிகைக்காரர்களுக்கு, அதைப் பெரியவரிடம் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. தானே போய்ச் சொல்வதென்று யசுஜி முடிவு செய்தான். அவன் வீட்டு முன்னறையில் பத்திரிகை ஆள் ஒருவர் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தொழிலில் அதுதான் முறை. வரைந்த பக்கம் கைக்கு வரும்வரை ஆள் நகரமாட்டார். யசுஜி கொல்லைப்புறமாக நழுவி குருவின் வீட்டுக்கு ஓடினான்.

ஹிரோசே வரைந்துகொண்டிருந்தார். முன்னறையில் பத்திரிகை ஆளுக்காக மெத்தை போட்டிருந்தது. பக்கத்தில் தேநீர் ஆறிப்போயிருந்தது.

"இன்னும் யாரும் வரவில்லை," என்றார்.

"ரயில் தாமதமாக இருக்கும், சென்செய்," என்றான் யசுஜி. அங்கே குருவை அப்படித்தான் அழைப்பார்கள்.

"புயலடித்த அன்றுகூட வந்தார்கள். என்னைக் கழிப்பறைக்குப் போகக்கூட விட்டதில்லை."

யசுஜி தலையைக் குனிந்துகொண்டான்.

"தூக்கிவிட்டார்களா?"

"போன இதழோடு சரி என்கிறார்கள்," என்றான் யசுஜி.

ஹிரோசே பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார். மறுபடி வைத்தார்.

"வலிக்கிறது. இல்லையென்று சொல்லத் தெரியவில்லை," என்றார்.

யசுஜி பாயில் நெற்றி பட விழுந்தான். "நான் என் தொடரை நிறுத்திவிடுகிறேன், சென்செய். ஓர் இடம் காலியானால் உங்களைத்தான் திரும்பக் கூப்பிடுவார்கள். இன்றே சொல்லிவிடுகிறேன்."

"முதலிடத்தில் இருக்கும்போதா?"

"உங்கள் சோற்றைத் தின்றவன் உங்கள் வயிற்றில் அடிக்கலாமா? எனக்குப் பயமாக இருக்கிறது. எழுந்திருக்கச் சொல்லாதீர்கள். முதலில் சரி என்று சொல்லுங்கள்."

ஹிரோசே அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். தன் தொடர் போன செய்தியைக் கேட்டபோது இல்லாத கலவரம் அவர் முகத்தில் இருந்தது.

"மடையா! போன இதழில் அந்த மீன்காரியைப் பாலத்தில் ஒற்றைக் கையால் தொங்கவிட்டுத் 'தொடரும்' போட்டாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நீ நிறுத்திவிட்டால், அவள் பிழைத்தாளா இல்லையா என்று எனக்கு யார் சொல்வது?"