குடைத்துணி காத்த சோறு

ஒருநாள் உச்சி வெயிலில், ஒரு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல், வாழையிலைத் துண்டில் ஒரு சோற்று உருண்டை காத்திருந்தது. மாமனாரின் திதிக்காக மருமகள் தையல்நாயகி எள்ளும் நெய்யும் போட்டுப் பிசைந்து வைத்த சோறு. காகம் எடுத்தால்தான் வீட்டில் இலை போடுவார்கள்.

காகம் வந்தது. ஆனால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைவிட்டு இறங்கவில்லை.

"வாயேன், காய்ந்துபோகிறேன்," என்றது சோறு.

"போன வாரம் வடாம் பக்கம் வந்ததற்குக் கல்லால் அடித்தாள். இன்றைக்கு நெய்ச்சோறா? எதற்கு?"

"நீதான் அவள் மாமனாராம்."

"கல்லெறியும்போது அது தெரியவில்லையாக்கும்." காகம் தலையைச் சாய்த்தது. "உனக்கு மேலே கம்பியில் தலைகீழாகத் தொங்குகிறானே, அவன் யார்? அவனையும் இப்படித்தானே கூப்பிட்டாய்?"

கம்பியில் தொங்கியது பேசியது. "நான் காக்கை இல்லையப்பா. குடைத்துணி. அந்த மாமனார் பிடித்த குடைதான். உங்களை விரட்டி வடாமைக் காக்கக் கட்டினாள். அவிழ்க்க மறந்துவிட்டாள்."

"செத்துத் தொங்குகிறவன் சொன்னால் நம்பிவிடுவேனா?"

"சரி, நம்பாதே. என் முடிச்சு தளர்ந்திருக்கிறது. ஒரு காற்று அடித்தால் விழுந்துவிடுவேன். அப்போது நீயே பார்."

கீழே கூடத்தில் எல்லோரும் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓரகத்தி செங்கமலம் மெல்ல ஆரம்பித்தாள். "மணி ரெண்டாச்சு. மாமாவுக்கு இந்த வீட்டு மேல ஏதோ மனத்தாங்கல். கடைசி நாள்ல என்ன போட்டாங்களோ, எப்படிப் போட்டாங்களோ, நாம கண்டோமா?"

தையல்நாயகியின் கணவன் மனைவியை ஒருமாதிரி பார்த்தான்.

அந்தப் பார்வை தாங்காமல் அவள் மாடிக்கு ஓடி வந்தாள். "மாமா, மூணு வருஷம் குழைய வடிச்சு ஊட்டிவிட்டேனே. உங்களுக்குத் தெரியாதா? ஒரு வாய் எடுத்துக்கங்க. அவரே என்னைச் சந்தேகப்படுறாரு."

அப்போது காற்று எழுந்தது. துணி படபடத்தது. ஒரு முடிச்சு அவிழ்ந்தது, இன்னொன்று நழுவியது. காகம் தொட்டியின் விளிம்புக்கு வந்து சிறகை விரித்தது.

சோறு மூச்சை அடக்கிக்கொண்டது.

தையல்நாயகி அண்ணாந்து பார்த்தாள். "ஐயோ, படைச்ச சோத்து மேல விழுந்துடப் போகுதே," என்று பதறி, எக்கி நின்று, இரண்டு முடிச்சையும் இறுக்கிக் கட்டினாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டாள். "கா... கா..."