வெட்டுகிறவனுக்கு ஓர் ஓலை

செம்மணற்கோட்டை அரசர் பூபதிராயருக்குக் காலையில் ஒரு மனம், மாலையில் ஒரு மனம். புதன்கிழமை இடிக்கச் சொன்ன மதிலை வெள்ளிக்கிழமை எங்கே என்று கேட்பார். கொத்தர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதனால் அங்கே ஒரு வழக்கம் வந்தது. அரசாணையை நிறைவேற்றுகிறவன், "அரசர் மனம் மாறினால் பழையபடி ஆக்கித் தருவேன்" என்று முதலில் ஓலை எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு அரசரின் முத்திரை மோதிரத்தைக் காணவில்லை. கூட இருந்தவன் எண்ணெய் தேய்த்துவிடும் மாசிலன் மட்டுமே. அவன் எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. வேறு ஆள் இல்லை என்பதே போதும் என்று சொல்லி, அவன் தலையை வெட்ட ஆணையிட்டார் அரசர். அவர் ஆட்சியில் அதுதான் முதல் மரண தண்டனை. மாசிலன் அழக்கூட மறந்து நின்றான்.

அவைப்புலவர் கூத்தபிரான் அவனைக் காப்பாற்ற நினைத்தார். மோதிரம் எங்கே என்று அவருக்கும் தெரியாது. கெஞ்சினால் அரசரின் பிடிவாதம் ஏறும் என்பது மட்டும் தெரியும். ஆகவே ஆணை பிரமாதம் என்று புகழ்ந்துவிட்டு, ஓலையையும் எழுத்தாணியையும் தலை வெட்டும் சேவகன் இருளாண்டியிடம் நீட்டினார்.

மலை மாதிரி இருந்த இருளாண்டிக்கு வேர்த்துவிட்டது.

"சாமி, எனக்கு வெட்டத்தான் தெரியும். ஒட்ட எங்க பரம்பரையிலேயே யாரும் படிக்கலீங்க."

"இதில் என் மனம் மாறாது" என்று சீறினார் அரசர்.

"மதிலுக்கும் அப்படித்தான் சொன்னீர்கள், அரசே" என்றார் புலவர் பணிவாக.

அவையில் பலருக்கும் திடீரென்று இருமல் வந்தது. ஓலை இல்லாமல் ஆணை நடக்காது. வேறு வழியின்றி மாசிலனைச் சிறையில் அடைத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை வேறொருவன் அரசர் தலையில் சீயக்காய் தேய்த்தான். ஏதோ சுரீரென்று கீறியது. பார்த்தால், முத்திரை மோதிரம். போன வாரம் அரசரே கழற்றிச் சீயக்காய்க் கிண்ணத்தில் போட்டு மறந்திருக்கிறார்.

அரசருக்கு வெட்கம் தாங்கவில்லை. தானே சிறைக்குப் போய் மாசிலனை அழைத்து வந்து, அந்த மோதிரத்தையே அவன் விரலில் மாட்டினார். பிறகு, என்ன பரிசு வேண்டும் என்று புலவரைக் கேட்டார்.

"இந்த ஓலை வழக்கம் மரண தண்டனைக்கு என்றும் மாறக்கூடாது, அரசே."

"அப்படியானால் நிஜக் கொலைகாரனையும் கொல்ல முடியாதே?"

"சிறை இருக்கிறதே. பூட்டிய கதவைத் திறக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறையப் பேர்."

"தண்டனையையே ஒழித்துவிட்டீரே, புலவரே!"

"ஐயோ, ஒழிக்கவில்லை அரசே. ஒட்டத் தெரிந்தவன் கிடைத்ததும் மறுநாளே தொடங்கிவிடலாம். நாளைக்கே பறையறைந்து ஆள் தேடச் சொல்கிறேன்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆளை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.