மஞ்சளாகக் காட்டிய திரை

ஜெசிந்தாவிடம் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டவர்களில் தாணுலிங்கம்தான் மூத்தவர். அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவளுக்கு முப்பத்தொன்று. பேரனைச் சேர்க்க வந்தவர் தானே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒரு நாள் காலையில் தன் போட்டோ ஸ்டூடியோவின் பழைய மானிட்டரைத் துணியில் சுற்றித் தூக்கி வந்தார். இரண்டு வருடமாக எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டுகிறது, கோளாறு எதில் என்று சொல்லவேண்டும் என்றார்.

அவள் கேபிளை மாற்றினாள். மஞ்சள் போகவில்லை. வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாள். போகவில்லை. மெனுவுக்குள் போய் நிறங்களை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்தாள். அப்போதும் வெள்ளைப் பக்கம் பழைய பேப்பர் மாதிரியே இருந்தது. உள்ளே இருக்கிற விளக்குக்கு வயதாகிவிட்டது என்றாள்.

“அப்ப குத்தம் இதோடதுதான, டீச்சர்?”

“விளக்குலதான் கோளாறு.”

“அதை ஒரு தாள்ல எழுதித் தருவீங்களா?”

யாரிடம் காட்ட என்று கேட்டாள். அப்புறம்தான் அவர் சொன்னார்.

அவருடைய தெருவில் சஜினி என்றொரு பெண். புருஷன் மஸ்கட்டில். பிள்ளை பிறந்த நான்காம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில், அவனுக்குப் படம் எடுத்து அனுப்ப ஸ்டூடியோவுக்கு வந்தாள். திரையில் படத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளை மஞ்சளா இருக்கே, நேரில் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான் தெரியுது என்றாள். திரை பழசு, இதில் என் முகம்கூட மஞ்சள்தான் என்று இவர் சிரித்திருக்கிறார். பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்கிற மாதிரி மஞ்சளைக் குறைத்து, வெளுப்பைக் கூட்டி போனுக்கு அனுப்பினார். போனில் பிள்ளை ரோஜா நிறத்தில் இருந்தது. சஜினி நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மூன்று நாள் கழித்துப் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தியது. மஞ்சள் காமாலை மூளை வரைக்கும் போய்விட்டது என்றார்கள் டாக்டர்கள். உயிர் பிழைத்தது. இப்போது எட்டு மாதம். காதருகே தட்டைத் தட்டினாலும் திரும்புவதில்லை.

“பெத்தவளுக்குக் கண்ணு இல்லையான்னு மாமியார் கேக்காளாம். இவளும், ஆமா, என் கண்ணுலதான் கோளாறு, படத்துல நல்லாத்தான இருந்துதுன்னு அழுறாளாம்.”

ஜெசிந்தா கேமராவில் எடுத்த அசல் படம் இருக்கிறதா என்று கேட்டாள். பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். அவள் தன்னுடைய புது மானிட்டரில் திறந்தாள்.

பிள்ளையைச் சுற்றியிருந்த துண்டு வெள்ளையாக இருந்தது. பிள்ளையின் முகம், நெஞ்சு, கால் வரைக்கும் மஞ்சள் பூசினது போல இருந்தது.

தாணுலிங்கம் துண்டையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். இது வெளியே தெரிந்தால் தெருவே கடை வாசலில் வந்து நிற்கும், முப்பது வருடப் பெயர் ஒரே நாளில் போய்விடும் என்று மெல்லிய குரலில் சொன்னார். பிறகு, யாராவது கேட்டால் காட்ட அந்தத் தாள் மட்டும் போதும் என்றார்.

ஜெசிந்தா மறுக்கவில்லை. மானிட்டரின் விளக்கு பழுது என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தாள். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எழுந்தார். ஆனால் போகவில்லை.

“இது போதும்ல, டீச்சர்?”

“உங்களுக்குப் போதும் அண்ணாச்சி. அவ தன் கண்ணை நம்பாம எட்டு மாசமா அழுதுட்டு இருக்கா. அந்தக் கண்ணு சரியாத்தான் பார்த்துதுன்னு சொல்ல, உங்களை விட்டா ஆளில்ல.”