செங்காம்பு இல்லாத பொடி

மலைமேல் இருக்கும் சடையம்மையின் மடத்துக்கு வழி கேட்கவே வேண்டாம். பாதிப் படியிலேயே கறிவேப்பிலைப் பொடியின் வாசம் இறங்கி வந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். பொடி, சொக்கையாவின் கைப்பக்குவம். அவர் சடையம்மையைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவளுக்குச் சீடர்.

அந்த வருஷம் மழை பொய்த்து, பொடிக்கு அந்த வாசத்தைத் தரும் செங்காம்புக் கறிவேப்பிலை மொத்தமும் பட்டுப்போயிற்று. பச்சைக்காம்புதான் பிழைத்துக் கிடந்தது. அதைப் பறித்து, வறுத்து, இடித்துப் பார்த்தார். வாசம் அடுப்படியை விட்டு நகரவில்லை.

விடிந்தும் விடியாத பனியில் மடம் மேகத்துக்குள் மிதந்துகொண்டிருந்தது. தூக்கத்தில் நடப்பவர்போல் பொடிக் கிண்ணத்தோடு வந்து நின்றார் சொக்கையா.

சடையம்மை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள்.

“எம்புட்டு நேரம் வறுத்தீரு?”

“செங்காம்பு வாசம் வர்ற வரைக்கும் தாயி.”

“வந்துச்சா?”

“கருகிச்சு.”

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

“பொடி கிடக்கட்டும் தாயி. என் வீடு கருகுது.”

உட்கார்ந்து சொன்னார். மூத்த மனைவி உலகம்மை இறந்ததும் அவள் தங்கை பேச்சியைக் கட்டி வைத்தார்கள். ஒன்பது வருஷம். நேற்றுப் பேச்சி சோறு போடும்போது, “உலகு, இன்னுங் கொஞ்சம் ரசம்” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார். பேச்சி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என்ன சொன்னா?”

“‘அக்கா போனது ஊருக்கே தெரியும். நான் வந்தது உமக்குத்தான் இன்னும் தெரியல’ன்னா. துணியை மூட்டை கட்டிட்டா. பனி விலகினதும் அண்ணன் வீட்டுக்கு இறங்குறாளாம். நான் என்ன செய்யட்டும்?”

சடையம்மை எழுந்து, பனிக்குள் கைவிட்டு ஒரு இணுக்கு ஒடித்து வந்தாள். பச்சைக்காம்பு.

“கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாரும். எப்படி இருக்கு?”

“செங்காம்பு அளவுக்குக் காரம் இல்ல.”

“அதை நான் கேக்கலையே.”

மறுபடி மோந்தார். “அதைவிடக் கொஞ்சம் மட்டு…”

“இன்னும் பட்ட செடிக்கிட்டயே நிக்கிறீரே.”

சொக்கையா இலையைக் கசக்கினார். கசங்கியதை மூக்கருகே வைத்துக்கொண்டார். பனி காதோரம் ஊர்ந்தது. எங்கேயோ ஒரு குயில் பாதி கூவி நிறுத்தியது.

“நாரத்தைத் தோல் கணக்கா இருக்கு தாயி,” என்றார் மெல்ல. “உள்ளுக்குள்ள ஒரு குளுமை. இதைப் போய்த் தீயில போட்டு விரட்டியிருக்கேனே. நிழல்ல உலர்த்தியிருந்தாலே போதும்.”

சடையம்மை பொடிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“அப்ப அவகிட்ட என்ன சொல்ல? அக்கா பேரை இனி எடுக்கவே மாட்டேன்னு சத்தியம் பண்ணட்டுமா?”

“அந்தப் பேரு என்ன பாவம் செஞ்சது? பேச்சிக்கு என்ன குழம்பு பிடிக்கும்?”

“கத்திரிக்கா…” என்று தொடங்கியவர் நிறுத்தினார். கத்திரிக்காய் உலகம்மைக்குப் பிடித்தது. வேறு குழம்புகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். கையிலிருந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியல தாயி.”

“போய் அவகிட்டயே கேளும். பதிலை எங்கிட்ட வந்து சொல்ல வேண்டாம்.”